ஜிம்முக்குத் தொடர்ந்து போக: மூன்று முறை சேர்ந்து, இரண்டு முறை நின்றவனின் வழிகாட்டி

திருச்சி உறையூரில் ஒரு டீக்கடை இருக்கிறது. ஒன்றரை வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைக்கு எதிர் மாடியில்தான் நான் பணம் கட்டி, ஐந்து வாரம் போய், நின்றுபோன ஜிம். ஜிம் மாஸ்டர் மாலையில் அந்தக் கடைக்கு டீ குடிக்க இறங்கி வருவார். “என்ன சார், ஆளையே காணோம்?” என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு ஒரு தெரு சுற்றிப் போனேன். பணம் கட்டியவன் நான். கடன் வாங்கியவன் போல ஒளிந்து திரிந்தவனும் நானே.

உடற்பயிற்சி நல்லது என்று உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஜனவரி முதல் தேதி வந்து சேர்கிறவர்களுக்கும் இது ஏதோ ஒரு வடிவத்தில் தெரியும். தெரிந்தும், பொங்கல் லீவு முடிந்ததும் ஜிம் வாசல் ஷூ ஸ்டாண்டில் இடம் கிடைக்க ஆரம்பித்துவிடுகிறது.

நான் மூன்றாவது முறை சேர்ந்து இது நான்காவது வருடம். உடம்பு ஒன்றும் சினிமா உடம்பாகிவிடவில்லை. ஆனால் போய்க்கொண்டிருக்கிறேன். அது எப்படி முடிந்தது என்பதை மட்டும் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ, சர்க்கரை, பிரஷர், நெஞ்சு சம்பந்தப்பட்ட தொந்தரவு ஏதாவது இருந்தாலோ, முதலில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

1. சேருவதற்கு முன்: மெஷினைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள்

நான் இரண்டாவதாகச் சேர்ந்த ஜிம் கே.கே.நகர் பக்கம். ஏசி, வரிசையாக டிரெட்மில், சுவர் முழுக்கக் கண்ணாடி. என் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர், நடுவில் ஜங்ஷன் டிராஃபிக். முதல் வாரம் அந்தத் தூரம் தெரியவில்லை. மூன்றாவது வாரம் லேசாகத் தூறல் போட்ட ஒரு புதன்கிழமை, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் பத்து நிமிடம் நின்றேன். அதற்கப்புறம் அங்கே போனது நான்கு நாள்தான்.

எனவே வீட்டுக்கோ ஆபீஸுக்கோ பக்கத்தில், அல்லது இரண்டுக்கும் நடுவில், நீங்கள் தினமும் போகிற பாதையிலேயே இருக்கிற ஜிம்மைப் பாருங்கள். கொஞ்சம் பழைய டம்பெல்லாக இருந்தாலும் பரவாயில்லை. பத்துக் கிலோ இரும்பு எங்கேயும் பத்துக் கிலோதான்.

இரண்டாவது, நீங்கள் போகப்போகிற அதே நேரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எந்த ஜிம்மும் சொர்க்கம்தான். மாலை ஆறரைக்குப் போனால் ஒரு பென்ச்சுக்கு நாலு காலேஜ் பையன்கள் காத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உங்களுக்கு இடம் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஃபேன் எங்கே இருக்கிறது, கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள், பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா, இவையும் முக்கியம். நம்மூர் மே மாதத்தில் இவைதான் ஆளை நிறுத்தும்.

மூன்றாவது, பணம். “மாசம் ஆயிரம் சார். வருஷத்துக்குக் கட்டினா ஏழாயிரம்தான், அஞ்சு மாசம் ஃப்ரீ.” இதைக் கேட்டதும் நம் எல்லோருக்கும் ஒரு கணக்கு ஓடும். கூடவே, ‘மொத்தமாகக் கட்டினால் பணம் போகிறதே என்றாவது போவோம்’ என்ற நம்பிக்கையும் வரும். இந்த நம்பிக்கை பொய் என்பதை அமெரிக்காவில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மூன்று ஜிம்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்று வருட அளவுக்கு எடுத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே ஜிம்களில் பத்து முறை வர நூறு டாலர் பாஸும் இருந்தது!

என் கணக்கு அதைவிட மோசம். ஏழாயிரம் கட்டிவிட்டு நான் போனது 14 நாள். ஒரு நாளைக்கு 500 ரூபாய். ஆகவே முதல் மூன்று மாதம், கூடுதலாக ஆனாலும், மாதாமாதம் கட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் பணம் கையை விட்டுப் போகும்போது ‘போன மாசம் எத்தனை நாள் போனோம்?’ என்ற கேள்வி தானாக வரும். மூன்று மாதம் நிலைத்துவிட்டால் அப்புறம் வருடக் கட்டணம் கட்டி லாபம் பார்க்கலாம்.

2. நேரத்தை ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்

‘நாளையிலிருந்து கண்டிப்பாகப் போகணும்’ என்பது ஆசை. ‘திங்கள், புதன், வெள்ளி, ஆபீஸ் வாசலில் 6.10-க்கு வண்டியை எடுத்ததும் நேரே ஜிம்’ என்பது ஏற்பாடு. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை 2002-இல் இங்கிலாந்தில் 248 மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவை அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் 38 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவுக்கு இதயநோய் வராமல் தடுப்பது பற்றியெல்லாம் படிக்கக் கொடுத்தார்கள். அதில் 35 சதவீதம். மூன்றாவது பிரிவினரும் அதையே படித்தார்கள். ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறோம் என்று கூடவே எழுதியும் வைத்தார்கள். அவர்களில் 91 சதவீதம் பேர் செய்துவிட்டார்கள். அறிவுரையால் ஒன்றும் நகரவில்லை. ஒரு வரி எழுதியது நகர்த்திவிட்டது.

மாலையில் போகிறவர்களுக்கு என் ஒரே விதி: வீட்டுக்குள் நுழையாதீர்கள். ‘ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்’ என்று செருப்பைக் கழற்றினால் கதை முடிந்தது. காபி வரும், கூடவே மிக்சர் வரும், பையனின் கணக்கு நோட்டு வரும், மணி எட்டாகும். அதனால் ஜிம் பை காலையிலேயே வண்டியில் இருக்க வேண்டும். ஷூ, சாக்ஸ், டி-ஷர்ட், ஷார்ட்ஸ், இரண்டு துண்டு (ஒன்று வியர்வைக்கு, ஒன்று பென்ச்சில் விரிக்க), தண்ணீர் பாட்டில். ஈரத் துணியைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர். இதை மறந்துவிட்டு மறுநாள் பையைத் திறந்தால் தெரியும், ஏன் சொல்கிறேன் என்று.

நாலரைக்கு ஒரு வாழைப்பழமும் நாலு கடலையும் சாப்பிட்டுக்கொள்வேன். பசியோடு போனால் பாதியில் கை நடுங்கும். வயிறு நிரம்பப் போனால் குனியும்போது சாப்பிட்டது மேலே வரும்.

காலை ஆட்களுக்குச் சிக்கல் வேறு. அவர்களின் ஜிம் முந்தைய இரவு பத்து மணிக்கே தொடங்குகிறது. பதினொன்றரை வரை போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மார்கழிக் குளிரில் ஐந்தரை மணி அலாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உடுப்பை எடுத்துக் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படுங்கள். இருட்டில் பீரோவைத் துழாவி வீட்டில் எல்லோரையும் எழுப்பினால், இரண்டாம் நாளே வீட்டுக்குள் எதிர்க்கட்சி உருவாகிவிடும்.

3. முதல் இரண்டு வாரம், முடிவதில் பாதி மட்டும்

புதியவர்களை நிறுத்துவது சோம்பல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரை, முதல் நாள் காட்டிய வேகம்தான் பாதிப் பேரை நிறுத்துகிறது.

என் முதல் நாளில் பக்கத்தில் ஒரு பையன் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபது வயது இருக்கும். அவனுக்குச் சமமாக நானும் ஐந்து செட் (நடுவில் ஓய்வில்லாமல் எட்டுப் பத்து முறை செய்வது ஒரு செட்) போட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மாடிப்படி இறங்கும்போது கால் லேசாக ஆடியது, அவ்வளவுதான். மறுநாள் காலை எங்கள் வீட்டு இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல், தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கி எழுந்தேன். அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். ஐந்து நாள் ஜிம் பக்கம் போகவில்லை. ‘உடம்புக்கு ஒத்துக்கல போல’ என்று வீட்டில் ஒரு தீர்ப்பும் வந்துவிட்டது.

அது ஒத்துக்கொள்ளாத வலி அல்ல. பழக்கமில்லாத தசை, குறிப்பாக எடையைத் தாங்கிக்கொண்டே நீளும்போது, நுணுக்கமாகச் சேதமாகி ஆறுவதால் வருவது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ‘லாக்டிக் ஆசிட் தேங்கிருச்சு’ என்று ஜிம்மில் சொல்வார்கள். அது பயிற்சி முடிந்த கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிற சமாச்சாரம். மறுநாள் வலிக்கு அது காரணமில்லை. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் இவ்வளவு வலி வராது, உடம்பு கற்றுக்கொண்டிருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வலியும் வீக்கமும் மிகக் கடுமையாக இருந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசை அளவுக்கு மீறி உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது.

ஆகவே முதல் இரண்டு வாரம் மொத்தமே அரை மணி நேரம். ஐந்து நிமிடம் சைக்கிள், நாலைந்து பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் இரண்டே செட். ‘இன்னும் நாலு தடவை தூக்கலாமே’ என்று தோன்றும்போது கீழே வையுங்கள். ‘இவ்வளவுதானா?’ என்ற குறையோடு வீட்டுக்குப் போகிறவன் நாளை மறுநாள் வருவான்.

4. மூன்று நாள், ஆறு பயிற்சி, ஒரு நாற்பது பக்க நோட்டு

எங்கள் பக்கத்து ஜிம்களில் சேர்ந்த உடனே ஓர் அட்டவணை கொடுப்பார்கள்: திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், இப்படியே சனிக்கிழமை வரை. ஆறு நாளும் தவறாமல் வருகிறவர்களுக்கு அது சரி. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. வியாழக்கிழமை ஆபீஸில் லேட்டானால் கால் பயிற்சி போயிற்று. அடுத்த வாரம் அதே வியாழன் மாமா பையன் நிச்சயதார்த்தம் என்றால், மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் கால்.

அதற்குப் பதிலாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் என்று மாஸ்டரிடம் கேட்டு வாங்குங்கள். என் ஆறு இவை: ஸ்குவாட், படுத்துக்கொண்டு மேலே தள்ளுகிற பென்ச் பிரஸ், மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கிற லாட் புல்டவுன், தலைக்கு மேல் தூக்குகிற ஷோல்டர் பிரஸ், உட்கார்ந்து இழுக்கிற ரோயிங், கடைசியில் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்துகிற பிளாங்க். ஒரு நாள் விட்டாலும் எதுவும் அனாதையாகாது. செட்டுக்குச் செட் இரண்டு நிமிடம் ஓய்வு. மொத்தம் ஐம்பது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.

இனி நோட்டு. போனில் ஆப் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் போனைத் திறந்தால் எடை எழுதிவிட்டு மூட மாட்டோம்; ரெண்டு ரீல்ஸ் பார்த்துவிட்டுத்தான் மூடுவோம். அதற்குள் உடம்பு ஆறிவிடும், பென்ச்சுக்கு ஆளும் வந்துவிடும். என் பழைய நோட்டிலிருந்து ஒரு நாள் அப்படியே (முதலில் எடை கிலோவில், பிறகு ஒவ்வொரு செட்டிலும் எத்தனை முறை):

“ஸ்குவாட், வெறும் பார் (20 கிலோ) – 8, 8, 6. கடைசி செட்டில் இடது முட்டி உள்ளே சாயுது, மாஸ்டர் திட்டு. பென்ச் 25 – 8, 7, 5. புல்டவுன் 30 – 10, 10, 10. அடுத்த முறை 35 பார்க்கலாம். கரண்ட் கட், பிளாங்க் இருட்டில் 40 நொடி.”

இதை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் முதல் மூன்று மாதம் என்னைத் தாங்கியது இதுதான். காரணம் இருக்கிறது. தொடக்க வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் தசை வளர்வதால் வருவதல்ல. இருக்கிற தசையை மூளையும் நரம்பும் சரியாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. அதனால் தூக்குகிற எடை இரண்டாம் வாரத்திலிருந்தே ஏறும். கண்ணாடியில் வித்தியாசம் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். கண்ணாடியை மட்டும் நம்பியவன் நடுவில் வருகிற அந்த ஆறு வாரத்தில்தான் நிற்கிறான். நோட்டு வைத்திருப்பவனுக்கு அதே ஆறு வாரத்தில் ஸ்குவாட் 20-லிருந்து 35 ஆகியிருக்கும்.

எல்லா செட்டிலும் பத்து முறை வந்துவிட்டால் அடுத்த தடவை பக்கத்துக்கு இரண்டரைக் கிலோ பிளேட் போடுங்கள். வராவிட்டால் அதே எடைதான். அவ்வளவுதான் விதி.

எடை மெஷின் பற்றி ஒரு வார்த்தை. நேற்று இரவு பிரியாணி சாப்பிட்டால் இன்று காலை ஒரு கிலோ கூடக் காட்டும். அது உப்பும் தண்ணீரும். தினம் ஏறி இறங்கி மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில். இடுப்பளவு எடுத்தால் இன்னும் நல்லது. பேன்ட்டில் பெல்ட் ஓட்டை ஒன்று உள்ளே போனதுதான் என் உடம்பு எனக்குச் சொன்ன முதல் சேதி.

5. மாஸ்டர், பையன்கள், இன்னும் சிலர்

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று முதல் மாதம் தோன்றும். பார்க்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் கண்ணாடியில் அவரவர் கையைப் பார்க்கவே நேரம் போதவில்லை. எங்கள் ஜிம்மில் சுவரில் ஆஞ்சநேயர் படம் ஒன்று இருக்கிறது. அவர்கூட கையிலிருக்கிற கதாயுதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பேச்சுக் கொடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: “தம்பி, இன்னும் எத்தனை செட்?” இதைக் கேட்ட மூன்றாம் நாள் அந்தப் பையன் “அண்ணே, முதுகை வளைக்காதீங்க” என்று திருத்த வந்தான். ஐந்தாம் வாரம் நான் ஒரு புதன்கிழமை போகவில்லை; வெள்ளிக்கிழமை “அண்ணே, எங்க போயிட்டீங்க?” என்றான். தேடுகிறவர் ஒருவர் இருக்கிற இடத்துக்குப் போவது சுலபம். நண்பரோடு சேருவது நல்லதுதான், ஆனால் அவர் நின்றால் நீங்களும் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வண்டியில் போவதைவிட, தனித்தனியாகப் போய் அங்கே சந்திப்பது மேல்.

மாஸ்டரிடம் முதல் வாரமே உங்கள் பழைய காயம், முட்டி வலி, மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவர் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் காட்டினால் அவசரப்பட வேண்டாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, சுண்டல், தயிர், மீன் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. முதல் மூன்று மாதம் அதுவே தாராளம். ஆனால் ‘ஊசி’ பற்றி யாராவது பேச்செடுத்தால், அது மாஸ்டராகவே இருந்தாலும், அன்றே வேறு ஜிம் பாருங்கள். ஸ்டீராய்டு இதயத்திலும் ஈரலிலும் கைவைக்கும்.

பெண்களுக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவி சொல்லச் சொன்னாள். லேடீஸ் டைம் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் பெண் டிரெய்னர் இருக்கிறாரா, உடை மாற்றுகிற அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிட் தூக்கினால் ஆண் மாதிரி உடம்பு வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. அவள் தொடர்ந்து போவதற்குக் காரணம் நாலு பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் வேறு பேச்சே கிடையாது. பத்தேகாலுக்கு யாராவது ஒருத்தி “கிளம்பிட்டேன்” என்று போடுவாள். மற்ற மூன்று பேரும் அடுப்பை அணைப்பார்கள்.

6. சலிப்பு வரும், வரட்டும்

நாலைந்து மாதத்தில் எல்லாம் பழகிப்போய் அலுக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மேனும் அவரது கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குக் கைகொடுக்கும். விடமுடியாத விறுவிறுப்புள்ள ஆடியோ நாவல்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தார்கள். தொடக்கத்தில் அப்படிக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட 51 சதவீதம் கூடுதலாக ஜிம்முக்கு வந்தார்கள். கதையில் அடுத்து என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமே! நானும் சரித்திரத் தொடர் ஒன்றை ஆடியோவாக ஜிம்மில் மட்டும் கேட்கிறேன். சில நாள் பிளாங்க் நேரம் கூடியதற்குக் காரணம் என் வயிற்றுத் தசை அல்ல, சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்ட கதாநாயகன்.

அந்தச் சோதனையிலும் ஒரு ஓட்டை இருந்தது. நவம்பரில் அவர்கள் ஊர் நன்றித் திருநாள் லீவு வந்ததும் பழக்கம் அறுந்து, பலன் கரைந்துவிட்டது. நமக்கு தீபாவளி. அதைப் பற்றி அடுத்து.

அதற்கு முன், இலக்கை மாற்றிப் பாருங்கள். ‘பத்துக் கிலோ குறையணும்’ என்பது உங்கள் கையில் முழுதாக இல்லை. ‘ஒரு முழு தண்டாலாவது சுத்தமாக எடுக்கணும்’ என்பது இருக்கிறது. என் இலக்கு சமையல் கேஸ் சிலிண்டர். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்து முப்பது கிலோவுக்குப் பக்கம் வரும். எங்கள் வீடு இரண்டாம் மாடி. ஏழாவது மாதம், கொண்டு வந்த தம்பி “இருங்க சார், நானே” என்று சொல்லச் சொல்ல, தூக்கித் தோளில் வைத்து ஏறினேன். நடுவில் ஒரு முறை இறக்கி வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

7. விட்ட நாளுக்கு அடுத்த நாள்

‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்பது ஊரெல்லாம் சுற்றுகிற கணக்கு. அதன் வேர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்துப் போட்ட கணக்கில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது. நடுமதிப்பு 66 நாள். உடற்பயிற்சிக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கத்தைவிடக் கூடுதல் நாள் பிடித்தது. ஆகவே 22-ஆம் நாள் அலுப்பாக இருந்தால் உங்களிடம் குறையில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை.

கெடுப்பது அடுத்த நாள். ‘இந்த வாரம் போச்சு, திங்கள்கிழமையிலிருந்து பார்ப்போம்’ என்கிறோமே, அது. 2021-இல் மில்க்மேன் குழுவே இன்னும் பெரிதாக ஒன்று செய்தது. அமெரிக்க ஜிம் உறுப்பினர்கள் 61,293 பேர், 54 விதமான திட்டங்கள், நான்கு வாரம். எல்லாவற்றையும் முந்தியது எது தெரியுமா? போகத் தவறிய பிறகு திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு சின்ன போனஸ். 9 சென்ட் மதிப்புதான். நம் காசுக்குச் சில ரூபாய். பணத்துக்காக யார் வந்திருப்பார்கள்? விட்டாலும் திரும்பி வரலாம் என்று யாரோ சொன்னது போதுமாயிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என் நடைமுறை இது. ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு முறை விடக்கூடாது. வெள்ளி விட்டால் சனியோ ஞாயிறோ போய் அரை மணி நேரமாவது. கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்குப் போனால், குளிக்கப் போவதற்கு முன் தண்டால் ரெண்டு செட், பஸ்கி ரெண்டு செட். அது கணக்கில் சேரும், நோட்டிலும் ஏறும். தீபாவளி, பொங்கல் லீவுக்குக் கிளம்பும்போதே திரும்பி வருகிற தேதியை நோட்டில் அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிடுவேன். காய்ச்சல் வந்தால் முழுக்க ஓய்வு; விட்ட பிறகும் இரண்டு நாள் பொறுத்து, பழைய எடையில் பாதியிலிருந்து.

நீண்ட இடைவெளி விழுந்துவிட்டதா? இரண்டு மாதம், ஆறு மாதம், ஒன்றரை வருடம்? உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு காலத்தில் தூக்கிய எடைக்கு, முதல் தடவை எடுத்துக்கொண்டதைவிட வேகமாகவே திரும்ப வந்துவிடும். தடை உடம்பில் இல்லை, அந்த டீக்கடையில் இருக்கிறது. யாராவது கேட்பார்களே என்ற கூச்சம். அதற்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். “வேலை மாஸ்டர்” போதும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். பழைய எடையைத் தொடாதீர்கள். வெறும் பாரில் ஆரம்பியுங்கள்.

நான் திரும்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. எதிர் டீக்கடை மூடியிருந்தது. படியேறும்போது ஆபீஸில் ஆடிட், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நடுவில் வீடு மாற்றியது என்று மூன்று காரணம் வரிசையாக வைத்திருந்தேன். மாஸ்டர் மேஜையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க சார். சைக்கிள்ல அஞ்சு நிமிஷம் போடுங்க, முகம் கழுவிட்டு வர்றேன்.”